ஆறில்லாத ஊரின் நீர்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுமில்லை. தெல்லிப்பழைப் பக்கமிருந்து அராலிக் கடனீரேரியை நோக்கிச் செல்லும் வழுக்கியாறும் மாரியில் மட்டுமே ஆறு; கோடையில் வயல்களுக்கு நடுவே கிடக்கும் பள்ளம். ஆயினும் நீர் இல்லையென்று எண்ணிவிடலாகாது. பெய்யும் மழையைச் சுண்ணாம்புக்கல் குடித்துக்கொள்கிறது. நிலத்தின் கீழே ஊர்ந்த அந்த நீர், காங்கேசன்துறைக்கு மேற்கே கீரிமலையில், கடலோரத்திலேயே நன்னீராக வெளிப்படுகிறது. அலைக்கும் கேணிக்கும் இடையே ஒரு மதில்தான்.

ஆடி அமாவாசையில் பிதிர்க்கடன் தீர்க்க வருவோர் கூட்டத்தைக் காண்பர், ஊரைக் காணார். மார்கழியில் போகவேண்டும் என்பது என் கட்சி. நான் போன காலையில் வாடைக்காற்று முகத்தில் உப்பை அப்பிற்று. கேணியில் இறங்கினால் நீர் உடம்புக்கு இதமாக இருந்தது.

குதிரைமுகம் கொண்ட மாருதப்புரவீகவல்லி என்னும் சோழ இளவரசி இந்நீராடி முகம் மாறினாள் என்பதும், அவள் மாவிட்டபுரத்தில் எழுப்பிய கோயிலுக்குக் காங்கேயன் சிலை வந்திறங்கியமையால் கயாத்துறை காங்கேசன்துறை ஆயிற்று என்பதும் ஐதிகம். இதனை அப்படியே வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. எனினும் கடலோரத்தில் ஒரு நன்னீரூற்று, அக்கரையிலிருந்து தோணி வந்து அடையும் ஒரு துறை என்ற இரண்டையும் கதை மறக்கவில்லை. ஓர் ஊர் உண்டாக அவை போதுமே!

ஆங்கிலேயர் 1893இல் வெளிச்சவீடு கட்டினர். 1902இல் இங்கிருந்து சாவகச்சேரிக்குப் புகையிரதம் ஓடியது. 1956இல் யாழ்தேவி வந்தது. இவற்றிலும் பெரிய மாற்றத்தைச் செய்தது 1950இல் எழுந்த சீமெந்துத் தொழிற்சாலை. எத்தனையோ குடும்பங்களின் அடுப்பு அதனால் எரிந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் அது தோண்டி எரித்தது எந்தக் கல்லை? மழைநீரைத் தாங்கி நின்ற அதே சுண்ணாம்புக்கல்லை. சீமெந்து மூடை கொழும்புக்குப் போயிற்று. குழி ஊரிலே தங்கிற்று. கோயிலின் காலத்தைப் பற்றி நாம் வாதிட்ட அளவுக்கு இந்தக் குழிகளைப் பற்றி வாதிட்டோமா என்று கேட்கத் தோன்றுகிறது.

1990இல் போர் மூண்டதும் ஆலை நின்றது, புகையிரதம் நின்றது, சனங்களும் வெளியேறினர். ஊர் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டது. 2009இல் போர் முடிந்தபின் காணிகள் துண்டு துண்டாக விடப்பட்டன. எல்லாம் இன்னும் விடப்படவில்லை. 2015 சனவரி 2இல் புகையிரதம் திரும்பவும் காங்கேசன்துறைக்கு வந்தது.

திரும்பி வந்த ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். வேலியும் இல்லை, வீடும் இல்லை. மதில் நின்ற இடத்தில் பற்றை. தமது வளவு எதுவென்று கிணற்றைக் கொண்டே அடையாளங் கண்டாராம். அதைத் தூர்வாரி இறைத்த பிறகுதான் கொட்டில் போட்டார். அந்த நீரை எனக்கும் ஒரு செம்பில் தந்தார். சற்றே உவர், குடிக்கலாம்.

துறைக்கும் பழைய வழக்கம் திரும்புகிறது. 2023 ஒக்டோபர் 14இல் நாகபட்டினத்திலிருந்து பயணிகள் கப்பல் வந்து சேர்ந்தது. சில நாட்களிலேயே அச்சேவை நிறுத்தப்பட்டது. மாரிக்கடலின் வரவு அப்படி. பாய்மரக்காரர் வாடையையும் சோளகத்தையும் பார்த்தே பயணம் குறித்த கடலல்லவா? 2024 ஓகஸ்டில் கப்பல் மறுபடியும் வந்தது.