வரிசை மேடான கதை

1968-இல் மெக்டொனால்ட், கிப்ஸ், பிப்கின் மூவரும் யோசித்தது உயிரணுவைப் பற்றி. தூது ஆர்.என்.ஏ இழைமேல் ரைபோசோம்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்து புரதத்தைக் கட்டுகின்றன. ஒன்றை ஒன்று முந்த வழியில்லை. இந்த ஊர்வலத்தைக் கணக்காக்கினால், எளிய வடிவில் இவ்வளவுதான்: வரிசையாகக் கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு துகள், முன்கட்டம் காலியென்றால் ஒரு தாவல், பின்வாங்கல் கிடையாது.

இரண்டே ஆண்டில், 1970-இல், கணித அறிஞர் ஃபிராங்க் ஸ்பிட்சர் இதே விதிகளை வேறு வாசல் வழியாக வந்தடைந்தார். ரைபோசோம் அவர் நினைவிலேயே இல்லை.

மாதிரியின் இரண்டாம் பிறவி இதைவிட வேடிக்கை. துகள் இருக்கும் கட்டத்துக்கு ஓர் இறக்கக் கோடு, காலிக் கட்டத்துக்கு ஓர் ஏற்றக் கோடு என்று வரைந்துகொண்டே போங்கள். வரிசை, மேடுபள்ளமான ஒரு விளிம்பாகிவிடும். துகள் முன்னே தாவினால் அந்த இடத்துப் பள்ளம் மேடாகிறது, குழியில் ஒரு கல் விழுந்ததுபோல. ஆக, நெரிசலில் நகரும் துகள்கள் உண்மையில் ஒரு பரப்பை வளர்த்துக்கொண்டிருக்கின்றன.

அந்தப் பரப்பு எவ்வளவு வேகமாகச் சொரசொரப்பாகும்? துகள்கள் இருபுறமும் சமமாகத் தாவினால், சொரசொரப்பு இரட்டிக்கப் பதினாறு மடங்கு காலம் வேண்டும். ஒரே திசையில் தள்ளிவிட்டால் எட்டு மடங்கே போதும். காலத்தின் நாலில் ஒரு பங்கு அடுக்கு, மூன்றில் ஒரு பங்காக மாறுகிறது. தள்ளுவது வேகத்தை மட்டுமல்ல, விதியையே மாற்றுகிறது. எனக்கு இந்தக் கதையின் உயிர்நாடியே இதுதான். 1986-இல் கர்தார், பாரிசி, ஷாங் மூவரும் வளரும் பரப்புகளுக்கென எழுதிய சமன்பாட்டிலும் இதே மூன்றில் ஒன்று வந்தது. அடுத்த ஆண்டே, மும்பை டாடா ஆய்வு நிறுவனத்தில் இருந்த தீபக் தர், துகள் வரிசையைத் துல்லியமாகத் தீர்த்து அந்த மூன்றில் ஒன்றுக்குத் துணைநிற்கும் எண்ணைக் காட்டினார்.

வரிசைக்கு இரு முனையிலும் வாசல் வைத்தால், ஓட்டத்தின் தன்மையே மாறும் நிலைமாற்றமும் உண்டு. நுழைவு வீதம், வெளியேறும் வீதம் இரண்டும் தாவல் வீதத்தில் பாதியைத் தாண்டிவிட்டால், வாசலை எவ்வளவு அகலத் திறந்தாலும் ஓட்டம் அந்தத் தாவல் வீதத்தில் கால் பங்குக்கு மேல் ஏறாது. 1993-இல் டெரிடா குழுவினர் இதை முழுதாகத் தீர்த்தனர்.

வளரும் பரப்புக்குத் திரும்பினால், 2000-இல் யோஹான்சன், அதன் ஏற்ற இறக்கங்களின் பரவல் பெரிய சமவாய்ப்பு அணிகளில் வருவதேதான் என்று நிறுவினார். பத்தாண்டு கழித்து ஜப்பானில் டாக்கேயுச்சியும் சானோவும் திரவப் படிகத்தில் கொந்தளிப்புப் பகுதி ஒன்றை வளரவிட்டு, அதன் விளிம்பை அளந்தார்கள். மூன்றில் ஒன்றும் வந்தது, அந்தப் பரவலும் வந்தது.