பாக்கெட் வரிசை, பஃபர் மேலாண்மை (பல்கருச் செயலிகளில்)

வலையமைப்பிலிருந்து வரும் பாக்கெட்டுகளுக்கு நினைவகத்தில் இடம் கொடுத்தல், அவற்றைச் செயலியின் கருக்களுக்கு முறைப்படி பங்கிடுதல், வேலை முடிந்ததும் இடத்தைத் திரும்பப் பெறுதல் ஆகிய பணிகளைச் சில்லின் வன்பொருளே செய்யும் முறை. பாக்கெட் தங்கும் நினைவிடம் பஃபர் எனப்படும்.

தேவை
10 கிகாபிட் ஈதர்நெட்டில் 64 பைட் பாக்கெட்டுகள் இடைவிடாமல் வந்தால் நொடிக்கு 1.488 கோடி சேரும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 67.2 நானோநொடிதான். 2 கிகாஹெர்ட்ஸ் கருவுக்கு அது 134 கடிகாரச் சுழற்சி. முதன்மை நினைவகத்தை ஒருமுறை அணுகி வரவே ஏறக்குறைய அவ்வளவு ஆகும். பல கருக்கள் ஒரே வரிசைக்குப் போட்டியிட்டால், ஒரு நேரத்தில் ஒரு கருவை மட்டும் உள்ளே விடும் மென்பொருள் பூட்டுக்காகக் காத்திருப்பதிலேயே இந்நேரம் கழிந்துவிடும்.

வரலாறு
பாக்கெட் வந்ததைச் செயலிக்கு அறிவிக்கும் குறுக்கீடுகளைக் கவனிப்பதிலேயே செயலியின் நேரம் முழுவதும் கரைந்து, பாக்கெட் எதுவும் வெளியேறாமல் போகும் முடக்கத்தை 1996-இல் கணினி ஆய்வாளர்களான ஜெஃப்ரி மோகலும் கே. கே. ராமகிருஷ்ணனும் ஆராய்ந்து தீர்வு சொன்னார்கள். அது மென்பொருள் தீர்வு. வன்பொருள் வழியில், இன்டெலின் ஐஎக்ஸ்பி2800 செயலி (2002), வரிசையில் சேர்ப்பதையும் எடுப்பதையும் நினைவகக் கட்டுப்படுத்தியிடமே ஒப்படைத்தது. கேவியம் நிறுவனத்தின் ஆக்டியான் சில்லுகளில் காலிப் பஃபர் பங்கீட்டுக்கும் வேலைப் பங்கீட்டுக்கும் தனித்தனி அலகுகள் அமைந்தன. 2008-இல் ஃப்ரீஸ்கேல் அறிவித்த எட்டுக் கருச் செயலியான பி4080-இல் இம்முறை முழு வடிவம் பெற்றது.

இயங்கும் விதம்
பி4080-க்குள் பாக்கெட் நுழைந்ததும் பஃபர் மேலாளரான பீமேன் காலிப் பஃபர் ஒன்றின் முகவரியைத் தரும். பாக்கெட் அங்கே எழுதப்படும். அதன் முகவரியும் நீளமும் கொண்ட 16 பைட் குறிப்பு மட்டும் வரிசை மேலாளரான கியூமேனிடம் போகும். ஒவ்வொரு கருவும் தனக்கென உள்ள வாயிலில் அந்தக் குறிப்பை எடுத்துக்கொள்ளும். மற்றக் கருக்களுடன் பூட்டுக்குப் போட்டியிட வேண்டியதில்லை. ஒரே தொடர்பின் பாக்கெட்டுகளைப் பல கருக்கள் கையாண்டாலும், வந்த ஒழுங்கிலேயே அவற்றை வெளியே அனுப்பவும் கியூமேன் வழிசெய்கிறது. பாக்கெட் வெளியேறியதும் இடம் பீமேனிடம் திரும்பும்.

இன்று
2023-இல் வந்த நான்காம் தலைமுறை ஜியான் செயலிகளில் இன்டெல் வேலைப் பங்கீட்டு வன்பொருளைச் சேர்த்தது. இதே கருத்துகளை மென்பொருளில் வடித்த டிபிடிகே, திறந்த மூல நிரல். மாணவர், தனிச் சில்லு இல்லாமலே சாதாரணக் கணினியில் அதை ஓட்டி, பூட்டில்லாத வரிசை எவ்வாறு நகர்கிறது என்பதைத் தம் கண்ணாலேயே பார்க்கலாம்.