மட்டையைக் கீழே வைத்த பிறகு

டென்னிஸ் என்றால் புதுச்சேரிக்காரர்களுக்குக் கடலோரத்திலுள்ள ஆசிரமத்து ஆட்டக்களம் நினைவுக்கு வரும். 1878இல் பாரிஸில் பிறந்த ஸ்ரீ அன்னை, எழுபது வயதைத் தாண்டிய பிறகும் அங்கே மட்டை பிடித்து ஆடினார். பட்டமும் பரிசும் இல்லாத ஆட்டம் அது. வயதாகிவிட்டது, போதும் என்று சொல்ல யாருக்கும் உரிமை இருக்கவில்லை. பட்டத்துக்காக ஆடியவர்களின் கதை வேறு. அவர்களுக்கு இரண்டு ஆயுள்: மட்டையோடு ஒன்று, மட்டையைக் கீழே வைத்த பிறகு ஒன்று. முதல் ஆயுளைப் பத்திரிகைகள் எழுதித் தீர்த்துவிடுகின்றன. இரண்டாவதை விசாரிப்பார் அபூர்வம்.

பிரெஞ்சு வீராங்கனை சுஸான் லாங்லானைப் பார்ப்போம். 1899இல் பிறந்தவர். அவர் ஆடிய நாட்களில் புதுச்சேரியிலும் பிரெஞ்சுக் கொடிதான் பறந்துகொண்டிருந்தது. 1919இல் விம்பிள்டன் இறுதி ஆட்டத்தில் அவரை எதிர்த்து நின்றவர் டோரதியா லாம்பர்ட் சேம்பர்ஸ். ஏழு முறை பட்டம் வென்ற ஆங்கிலப் பெண்மணி, நாற்பது வயது, இரண்டு குழந்தைகளுக்குத் தாய். சுஸானுக்கோ இருபதே வயது. அரசரும் அரசியும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது செட்டில் இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் வெற்றி என்ற நிலை சேம்பர்ஸுக்கு இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் நழுவியது. 10-8, 4-6, 9-7 என்று சுஸான் ஜயித்தார். அதன் பின் இன்னும் ஐந்து முறை விம்பிள்டன் பட்டம் அவருக்கே.

இத்தனை புகழுக்கும் கூலி என்ன? சட்டப்படி ஒன்றுமில்லை. அந்தக் காலத்துப் பெரிய போட்டிகளில், பொழுதுபோக்காக ஆடுகிறவர்களுக்குத்தான் அனுமதி. டிக்கெட் விற்ற பணம் போட்டி நடத்தியவர்களுக்கு, கைதட்டல் ஆடியவர்களுக்கு. 1926இல் சுஸான் அமெரிக்காவில் சம்பளத்துக்கு ஆட ஒப்புக்கொண்டார். சம்பளம் ஐம்பதாயிரம் டாலர். பணத்துக்கு ஆடுவதா என்று கண்டனம் எழுந்தது. என் ஆட்டத்தால் பிறர் சம்பாதிக்கலாம், நான் மட்டும் சம்பாதிக்கக் கூடாதா என்பதே அவர் கேள்வியின் சாரம். விடை சொல்லாமல் கதவைச் சாத்தினார்கள். விம்பிள்டனில் அவர் பிறகு ஆட முடியவில்லை. பாரிஸில் பள்ளி வைத்துப் பிள்ளைகளுக்கு டென்னிஸ் சொல்லிக்கொடுத்தார். 1938 ஜூலை 4ஆம் தேதி, முப்பத்தொன்பதாவது வயதில், இரத்தசோகை நோயால் காலமானார். இன்று பாரிஸில் ஒரு பெரிய ஆட்டக்களம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அவரிடம் தோற்ற சேம்பர்ஸ் என்ன ஆனார்? அவரும் 1928இல் ஊதியம் பெறும் பயிற்சியாளர் ஆனார். வென்றவரும் தோற்றவரும் கடைசியில் ஒரே தொழிலுக்கு வந்து சேர்ந்தார்கள்!

நம் நாட்டிலிருந்து சென்றவர் லீலா ராவ். 1911இல் பிறந்தவர். 1934இல் விம்பிள்டனில் ஓர் ஆட்டத்தில் ஜயித்த முதல் இந்தியப் பெண் என்று பெயர் பெற்றார். அடுத்த சுற்றில் தோற்றார். அவருடைய தாய் பண்டித க்ஷமா ராவ், சம்ஸ்கிருதக் கவி. காந்தியடிகளின் போராட்டத்தைப் பாடிய அவருடைய சத்யாக்ரஹ கீதை, 1932இல் அச்சேறியது பாரிஸ் நகரத்தில்தான். லீலா பின்னாளில் பரத சாஸ்திரம் பற்றி நூல் எழுதினார். தாயின் கதைகளை நாடகமாக்கினார். கணவர் ஹரீஷ்வர் தயாள் நேபாளத்தில் இந்தியத் தூதராக இருந்தவர். 1964இல் அங்கேயே மலைப்பகுதியில் மறைந்தார். லீலாவின் இரண்டாவது ஆயுள் நிறைந்த ஆயுள்தான். ஆனால் அதற்கு வேண்டிய கல்வியும் செல்வமும் பிறந்த வீட்டிலேயே இருந்தன. ஊதியமில்லாத ஆட்டம் ஒருவகையில் பணக்காரர் ஆட்டம். கூலிக்காரன் வீட்டில் ஒரு சுஸான் பிறந்திருந்தால் அவளை உலகம் கண்டிருக்குமா?

1968இல்தான் விம்பிள்டனின் கதவு திறந்தது. பரிசுப் பணம் வந்தது. ஆணுக்கு 2,000 பவுன், பெண்ணுக்கு 750 பவுன். பட்டம் ஒன்று, மதிப்பு வேறு! இரண்டும் சமமாக 2007 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கோயம்புத்தூரில் பிறந்த நிருபமா வைத்தியநாதன் இந்தப் புதிய காலத்துப் பெண். 1998இல் ஆஸ்திரேலியப் போட்டியின் முதல் சுற்றில் இத்தாலியின் குளோரியா பிட்சிக்கினியை வென்றார். ஊதியத்தோடு ஆடும் காலம் தொடங்கிய பின், இத்தகைய பெரும் போட்டி ஒன்றின் பிரதான சுற்றில் ஜயித்த முதல் இந்தியப் பெண் அவர்தான். பிறகு அமெரிக்காவில் குடியேறிப் பயிற்சியாளரானார். தம் கதையைத் தாமே எழுதி வெளியிட்டார்.

சேம்பர்ஸ், சுஸான், நிருபமா மூவரும் ஆசிரியைகள் ஆனது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. ஓடிய கால் ஓயும். கற்ற வித்தை ஓயாது. மகளுக்கு மட்டை வாங்கித் தரும் தகப்பனார், அவள் எத்தனை கோப்பை கொண்டுவருவாள் என்று கணக்கிடுவது சகஜம். முப்பத்தைந்து வயதில் அவள் கையில் என்ன இருக்கும் என்றும் சற்று யோசிக்கலாம். அதற்காக மட்டையைப் பறிக்க வேண்டாம். பள்ளிப் புத்தகத்தையும் பக்கத்திலேயே வைத்தால் போதும்.