சிசுக்களின் ஆர்.எஸ்.வி. நோய்த்தடுப்பு

ஆர்.எஸ்.வி. என்று சுருக்கமாக வழங்கும் வைரஸ், பெரியோருக்குச் சாதாரண ஜலதோஷமாக வந்து போவதாயினும், பிறந்து சில மாதங்களே ஆன சிசுக்களிடத்தில் நுரையீரலின் நுண்குழாய்களை வீங்கச் செய்து, மூச்சுத்திணறலையும் சில வேளை மரணத்தையும் விளைவிப்பதாகும். 2019ஆம் ஆண்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் இதனால் மாண்டனர் என்றும், அவருள் நூற்றுக்குத் தொண்ணூற்றைவருக்கு மேற்பட்டோர் வறிய நாடுகளையும் நடுத்தர வருமான நாடுகளையும் சேர்ந்தவர் என்றும் கணக்கிடப்பட்டுள்ளது.

1956இல் அமெரிக்காவின் வால்டர் ரீட் இராணுவ ஆராய்ச்சி நிலையத்தில் சளி பிடித்த சிம்பன்சிகளிடம் கண்டெடுக்கப்பட்டு, முதலில் அவ்விலங்கின் பெயராலேயே குறிக்கப்பட்ட இக்கிருமி, மறு ஆண்டே ராபர்ட் சானக் என்பவரால் பால்ட்டிமோர் நகரத்துச் சிசுக்களிடமும் பிரித்தெடுக்கப்பட்டு, தான் பற்றிய உயிரணுக்களை ஒன்றோடொன்று இணைத்துவிடும் அதன் இயல்பு பற்றி இன்றைய பெயரைப் பெற்றது.

இனி நிகழ்ந்தது, காப்பென்று இட்டதே கேடாக முடிந்த கதை. போலியோ விஷயத்தில் வெற்றி கண்ட முறையைப் பின்பற்றி, பார்மலினால் செயலிழக்கச் செய்த வைரஸைக் கொண்டு 1960களின் நடுவில் அமெரிக்காவில் ஒரு தடுப்பூசி சோதிக்கப்பட்டது. அதனைப் பெற்ற பின் நோய் தொற்றிய 20 சிசுக்களில் 16 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட வேண்டியதாயிற்று, இருவர் இறந்தனர். இந்த அதிர்ச்சியால் ஆராய்ச்சி பல்லாண்டுகள் தயங்கி நின்றது.

காரணத்தின் முக்கிய பகுதி 2013இல்தான் தெளிவாயிற்று. உயிரணுவுக்குள் நுழைய வைரஸ் பயன்படுத்தும் புரதம், நுழையுமுன் ஓர் உருவும் நுழைந்தபின் வேறோர் உருவும் கொள்வது. பழைய ஊசி காட்டியது பின்னைய உருவையே. ஆதலால் விளைந்த எதிர்ப்பொருள்கள் கிருமியைப் பற்றினவேயன்றி அடக்கவில்லை. ஜேசன் மெக்லெல்லன், பீட்டர் குவாங், பார்னி கிரகாம் முதலியோர் முன்னைய உருவை நிலைநிறுத்திக் காட்டியதே இக்காலத் தடுப்பூசிகளுக்கு மூலம்.

இதனிடையே 1998இல் பாலிவிசுமாப் என்னும் ஆயத்த எதிர்ப்பொருள் வந்தது. மாதந்தோறும் செலுத்த வேண்டியிருந்ததாலும் விலை மிகுதியாலும், அது குறைமாதக் குழந்தைகளுக்கும் இருதய, நுரையீரல் நோயுற்ற சிசுக்களுக்குமே எட்டியது.

தாய் வழியாகக் காக்கலாம் என்னும் எண்ணம் புதிதன்று; தாயின் எதிர்ப்பாற்றல் குட்டிகளுக்குச் செல்வதை 1892லேயே பால் எர்லிக் எலிகளிடம் காட்டியிருந்தார். மானிடரிடத்தில் இந்த எதிர்ப்பொருள்கள் கர்ப்பத்தின் இறுதி மாதங்களிலேயே நச்சுக்கொடி வழியே மிகுதியாகக் கடக்கின்றன. 2008இல் வெளியான வங்காளதேச ஆய்வொன்றில், கர்ப்பிணிகளுக்கு இட்ட இன்புளுயன்சா ஊசி அவர்தம் சிசுக்களிடம் அந்நோயை நூற்றுக்கு 63 வீதம் குறைத்தது. ஆர்.எஸ்.வி.க்கான வழி அத்தனை எளிதாக இருக்கவில்லை: 2019இல் ஒரு தடுப்பூசி தன் முதன்மை இலக்கை எட்டவில்லை, 2022இல் வேறொன்றின் சோதனை, குறைப்பிரசவங்கள் கூடக் கண்டு நிறுத்தப்பட்டது. 2023இல் மற்றொரு தடுப்பூசியைச் சுமார் 7,400 கர்ப்பிணிகளிடம் சோதித்த ஆய்வின் முடிவு வெளிவந்தது. பிறப்புக்குப்பின் மூன்று மாதம் வரை கடும்நோய் நூற்றுக்கு 82 வீதம் தடுக்கப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் அத்தடுப்பூசியை ஏற்ற அமெரிக்கா, முன்னெச்சரிக்கையாக அதனை 32 முதல் 36 வாரக் கர்ப்பத்துக்கே வரையறுத்தது. பிரிட்டன் 28ஆம் வாரம் முதல் அளிக்கிறது.

தாய் ஊசி பெறாவிடத்து, பிறந்த சிசுவுக்கு நிர்செவிமாப் என்னும் எதிர்ப்பொருளை ஒரே முறை செலுத்தினால் ஏறத்தாழ ஐந்து மாதம் காப்பு நிற்கும். இவ்விரண்டில் ஒன்றை எல்லா நாடுகளும் மேற்கொள்ளுமாறு உலக சுகாதார நிறுவனம் 2025இல் பரிந்துரைத்தது. எனினும் மரணம் மிகுந்த வறிய நாடுகளைவிடச் செல்வ நாடுகளிலேயே இவை முன்னதாகப் பரவின.