அக்கரை விளக்குகள்: எவியான் நகரின் வரலாறும் வருங்காலமும்



லௌசான் பக்கம் வாழும் எம்மவரில் ஊஷி படகுத்துறைக்குப் போகாதவர்கள் குறைவு. இருட்டியதும் ஜெனீவா ஏரியின் அக்கரையில் ஒரு வரிசை விளக்குகள் மின்னும். அது பிரான்ஸ். அந்த ஊரின் பெயர் எவியான்.

1990களின் தொடக்கத்தில் இந்நாட்டுக்கு வந்த புதிதில், தஞ்சம் கோரியோருக்குக் கொடுக்கும் ‘என்’ அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அந்த விளக்குகளைப் பார்த்து நின்றிருக்கிறேன். படகில் 35 நிமிடப் பயணம்தான். ஆனால் அந்த அட்டையோடு எல்லை தாண்ட முடியாது. “அது என்ன ஊர் அண்ணை?” என்று கூட நின்றவரைக் கேட்டேன். “தண்ணிப் போத்தலிலை பேர் போட்டிருக்குமே தம்பி, அந்த ஊர்தான்” என்றார். அந்த ஊருக்கும் அகதி என்ற சொல்லுக்கும் உள்ள தொடர்பைப் பல வருடங்கள் கழித்தே அறிந்தேன். இம்மாத உரை அதைப் பற்றியதுதான்.

தண்ணீரால் வளர்ந்த ஊர்

எவியான் ஆதியில் சவோய் ஆட்சிக்கு உட்பட்ட ஒரு சிறு ஊர். 1789ஆம் ஆண்டளவில் கல்லடைப்பு நோயால் வருந்திய லெசேர் என்ற பிரபு, கஷா என்பவரின் தோட்டத்து ஊற்றில் நீர் குடித்துக் குணமடைந்தாராம். செய்தி பரவியது. 1826இல் அந்நீரைப் போத்தலில் அடைத்து விற்க சவோய் ஆட்சியாளர் அனுமதி கொடுத்தார். 1860இல் சவோய் பிரான்சுடன் இணைந்தது. அதன்பின் புகையிரதம் வந்தது, செல்வந்தர்களும் வந்தார்கள். 1902இல் ஏரிக்கரையில் நீராடு மாளிகையும், 1909இல் மேட்டில் ரோயல் ஹொட்டேலும், 1912இல் சூதாட்ட மண்டபமும் எழுந்தன. பிரித்தானிய மன்னர் ஏழாம் எட்வர்ட்டுக்காகவே ரோயல் ஹொட்டேல் கட்டப்பட்டது என்பார்கள். அவரோ அங்கு வராமலே 1910இல் காலமானார்.

இந்த உல்லாச நகருக்கு இன்னொரு முகமும் உண்டு. முதலாம் உலகப் போரில் ஜேர்மனி பிடித்த வட பிரான்சிலிருந்து வெளியேற்றப்பட்ட முதியோரும் பெண்களும் குழந்தைகளும் இலட்சக்கணக்கில் சுவிஸ் ஊடாகப் புகையிரதத்தில் நாடு திரும்பினார்கள். அவர்களை வரவேற்ற முக்கிய வாசல் எவியான். செல்வந்தர் சூதாடிய மண்டபத்திலேயே அவர்களுக்கு உணவளித்துப் பெயர் பதிந்தார்கள். எனவே, இடமில்லை என்று சொல்லத் தெரியாத ஊர் அது.

1938 யூலை

1938 மார்ச்சில் ஹிட்லர் ஒஸ்திரியாவைப் பிடித்ததும் அங்கிருந்த ஏறத்தாழ 2 இலட்சம் யூதர்களும் அபாயத்துக்குள்ளானார்கள். அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் அகதிகள் குறித்து ஒரு சர்வதேச மாநாட்டைக் கூட்ட முன்வந்தார். ஜெனீவாவில் நடத்தலாம் என்ற யோசனை எழுந்தபோது, ஜேர்மனியின் கோபத்துக்கு அஞ்சிய சுவிஸ் அரசு விரும்பவில்லை. மாநாடு ஏரியைத் தாண்டி எவியானுக்குப் போனது.

யூலை 6 முதல் 15 வரை 32 நாடுகளின் பிரதிநிதிகள் ரோயல் ஹொட்டேலில் கூடினார்கள். ஒவ்வொருவராக எழுந்து அகதிகளுக்காக இரங்கினார்கள். பின்னர் தங்கள் நாட்டில் ஏன் இடமில்லை என்று விளக்கினார்கள். வேலையில்லாத் திண்டாட்டம் என்றது ஒரு நாடு. தாங்கக்கூடிய அளவை எட்டிவிட்டோம் என்றது பிரான்ஸ். எங்களிடம் இனப்பிரச்சினை இல்லை, அதை இறக்குமதி செய்ய விரும்பவில்லை என்றார் அவுஸ்திரேலியப் பிரதிநிதி. சுவிஸ் சார்பில் வந்த பொலிஸ் திணைக்களத் தலைவர் ரொத்முண்ட், தமது நாடு கடந்து செல்வோருக்கான நாடு மட்டுமே என்றார். பெருந்தொகையானோரை ஏற்க முன்வந்தது டொமினிக்கன் குடியரசு மட்டும்தான். 1 இலட்சம் பேர் வரை எனச் சொன்னாலும், கடைசியில் போய்ச் சேர்ந்தவர்கள் சில நூறு பேரே. பார்வையாளராக வந்திருந்த கோல்டா மேயருக்குப் பேச அனுமதி இருக்கவில்லை. அவர் 1969இல் இஸ்ரேலின் பிரதமரானார்.

நான்கு மாதத்தில், நவம்பர் 9 இரவு, ஜேர்மனியெங்கும் யூதரின் ஆலயங்கள் எரிந்தன. அதற்கு முன்பே, ஒக்ரோபரில், சுவிசுடன் ஏற்பட்ட உடன்பாட்டின்படி ஜேர்மன் யூதரின் கடவுச்சீட்டில் ‘ஜே’ எழுத்து குத்தப்படத் தொடங்கியிருந்தது. 1942 ஓகஸ்டில் சுவிஸ் எல்லை யூத அகதிகளுக்கு மூடப்பட்டது. அம்மாதமே அமைச்சர் ஃபொன் ஸ்ரைகர், நாட்டை ஏற்கெனவே நிறைந்துவிட்ட சிறு உயிர்காப்புப் படகுக்கு ஒப்பிட்டுப் பேசினார். இவற்றுக்காக 1995இல் சுவிஸ் ஜனாதிபதி வில்லிகர் மன்னிப்புக் கேட்டார்.

ஏரியின் மறு முனையில்

1951 யூலை 28ஆம் திகதி, அதே ஏரியின் மேற்கு முனையில், ஜெனீவாவில் அகதிகள் சாசனம் நிறைவேறியது. துன்புறுத்தலுக்கு நியாயமாக அஞ்சும் ஒருவரை அந்த ஆபத்துக்கே திருப்பி அனுப்பக் கூடாது என்பது அதன் உயிர்நாடி. 1983க்குப் பின் நாங்கள் நேர்காணல் அறைகளில் இருந்து பதில் சொன்னதெல்லாம் அந்தச் சாசனத்தின் அடிப்படையில்தான். எவியானில் கிடைக்காமல் போனது 13 வருடங்களின் பின் சட்டமாக வந்தது. அதற்குள் 60 இலட்சம் யூதர்கள் கொல்லப்பட்டுவிட்டார்கள்.

எவியான் பின்னரும் வரலாற்றில் இடம்பிடித்தது. அல்ஜீரியப் போரை முடிவுக்குக் கொண்டுவந்த உடன்படிக்கை 1962 மார்ச் 18இல் அங்கு கையெழுத்தானது. அல்ஜீரியப் பிரதிநிதிகள் சுவிஸ் கரையில் தங்கி, ஏரியைக் கடந்து பேசப் போனார்கள். அப்பேச்சை எதிர்த்தவர்கள் வைத்த குண்டுக்கு 1961 மார்ச் 31இல் நகர மேயர் கமில் பிளாங் பலியானார்.

இனி என்ன?

இன்று எவியானில் ஏறத்தாழ 9,000 பேர் வாழ்கிறார்கள். பழைய நீராடு மாளிகை 2006இல் கலாசார மண்டபமானது. 2019 டிசம்பர் முதல் ஜெனீவாவிலிருந்து நேரடிப் புகையிரதம் ஓடுகிறது. கிழக்கே சென் ஜங்கோல்ஃப் எல்லை வரை கிடக்கும் பழைய தண்டவாளத்தைத் திருத்தி, சுவிஸ் வலே மாநிலத்துடன் இணைக்கும் திட்டமும் பேசப்படுகிறது. அதைச் சைக்கிள் பாதையாக்கலாம் என்போரும் உண்டு. சுவிசில் வேலை செய்வோர் அக்கரையில் குடியேறுவதால் வீட்டு விலையும் ஏறுகிறது. ஊரின் முதலீடோ இன்றும் தண்ணீர்தான். மேட்டுநிலத்தில் விழும் மழையும் பனியும் 15 வருடங்களுக்கு மேல் மண்ணுக்குள் வடிந்தே ஊற்றாகின்றன. ஆகவே மேலே உள்ள வயல்களைக் காப்பது அடுத்த தலைமுறைக்கான வேலை.

மாநாடுகளும் தொடர்கின்றன. 2003இல் ஜி-8 தலைவர்கள் அங்கு கூடினார்கள். 2026 ஜி-7 மாநாட்டுக்கும் எவியானே தெரிவானது. ஹொட்டேல்களைப் புதுப்பித்து, பாதைகளைத் திறந்து ஊரை வளர்ப்பது நல்லதே. ஆனால் 1938ஐச் சொல்லாமல் அவ்வூரின் கதை முழுமையாகாது.

அண்மையில் ஒரு பிறந்தநாள் விழாவில், உக்ரேன், எரித்திரியா அகதிகளைப் பற்றிப் பேச்சு வந்தது. எங்கள் ஆள் ஒருவரே “நாடு நிரம்பிப் போச்சு, இனிப் போதும்” என்றார். நான் சண்டை பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்து இந்த உரையை எழுதத் தொடங்கினேன்.

இந்தக் கோடையில் பிள்ளைகளோடு ஊஷியில் படகேறுங்கள். அக்கரையில் ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுங்கள். ரோயல் ஹொட்டேல் இருக்கும் மேட்டைக் காட்டி, அங்கு என்ன நடந்தது என்றும், நாங்கள் எப்படி உள்ளே வந்தோம் என்றும் சேர்த்தே சொல்லுங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.