மொய் விருந்தும் புழுவின் பசியும்: கறம்பக்குடி வட்டார உணவுக்கழிவு பற்றி

கருப்பு சிப்பாய் ஈயின் புழுவைக் கொண்டு உணவுக்கழிவைக் கரைப்பது குறித்த எழுத்துகள் பெரும்பாலும் எடையையே பேசுகின்றன: நாளைக்கு எத்தனை டன் கழிவு, அதிலிருந்து எத்தனை கிலோ புழு. புதுக்கோட்டை மாவட்டத்துக் கறம்பக்குடி போன்ற பேரூராட்சியில் அதற்கு முன்பே கேட்க வேண்டியது ஒன்று உண்டு. கழிவு எந்த மாதத்தில் வருகிறது?

சாதாரண நாளில் இங்குள்ள வீடுகளில் மிச்சச் சோறு குப்பையாவது குறைவு. கஞ்சியும் கழுநீரும் மாட்டுக்கு, தோல் ஆட்டுக்கு, சிந்தியது கோழிக்கு. கழுநீர்ப் பானை கொல்லையில் இருக்கும்வரை புழுவுக்கு அங்கே வேலையில்லை. குப்பை வண்டிக்கு வந்து சேர்வது பெரும்பாலும் ஓட்டல், காய்கறிக் கடை, கல்யாண மண்டபம் ஆகியவற்றின் கழிவு. இவற்றுள் மண்டபக் கழிவு மார்கழியில் அநேகமாக நின்றுவிடும். ஆடி, ஆவணியிலோ கீரமங்கலம், வடகாடு, பேராவூரணி என்று சுற்றுவட்டாரமே மொய் விருந்தில் இறங்கும். பலர் சேர்ந்து ஒரே பந்தலில் கறிச்சோறு போட்டு, செய்த மொய்யைத் திரும்ப வாங்குவார்கள். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் குப்பையை ஈரம், உலர், வீட்டு அபாயக்கழிவு என மூன்றாகப் பிரிக்கச் சொல்லின. பஞ்சாங்கத்தைப் பார்க்கச் சொல்லவில்லை.

புழுவுக்கோ பஞ்சாங்கம் முக்கியம். முட்டை பொரிக்க ஏறத்தாழ 4 நாள். தீவனத்தில் விடும் பக்குவத்துக்குக் குஞ்சு மேலும் 5 நாள் வளர வேண்டும். சுவிட்சர்லாந்தின் ஈவாக் நிறுவனம் 2017இல் வெளியிட்ட கையேட்டின் கணக்குப்படி, ஒரு தட்டில் விடும் அப்படிப்பட்ட 10,000 குஞ்சுகள் 12 நாளில் 15 கிலோ ஈரக்கழிவைத் தின்னும், அதுவும் தவணை தவணையாக. ஒரு விருந்தில் ஒரு டன் மிஞ்சுவதாக வைத்துக்கொள்வோம். 67 தட்டு, 6.7 லட்சம் குஞ்சுகள் வேண்டும். ஒரு பெண் ஈ சுமார் 500 முட்டையிடும். பொரிக்காததையும் சாவதையும் கழித்தால் 2,000 பெண் ஈக்களுக்குக் குறையாமல் தேவை. பந்தி முடிந்த இரவில் இத்தனை ஈக்களுக்கு எங்கே போவது?

இங்கேதான் மொய் விருந்து கைகொடுக்கிறது. அதன் தேதி பத்திரிகை அடித்து முன்கூட்டியே ஊருக்குத் தெரிந்திருக்கும். திடீரென வரும் கழிவு அல்ல அது. நாள் குறித்து வரும் கழிவு. பந்திக்கு 9 நாள் முன்பு முட்டை எடுத்தால் போதும். எலும்பையும் வாழையிலையையும் முதலிலேயே ஒதுக்கிவிட வேண்டும். எலும்பைப் புழு தொடாது, இலையின் நார் அதற்குச் செரிக்காது. குழம்பின் நீரை உறிஞ்ச, இப்பகுதியில் தாராளமாகக் கிடைக்கும் தென்னை நார்க்கழிவே போதும்.

முட்டையிடும் தாய் ஈக்கள்தான் உண்மையான முட்டுக்கட்டை. முட்டை ஈயாக மாற ஏறக்குறைய 40 நாள் ஆகும். ஆடிப் பந்திக்கான ஈக்கள் வைகாசியிலேயே முட்டையாக இருந்திருக்க வேண்டும். அப்போது மண்டபக் கழிவை மட்டும் நம்பினால் முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் புழு பட்டினி கிடக்கும். ஆனால் சித்திரை முதல் ஆனி வரை வடகாடு, ஆலங்குடிப் பக்கம் பலாக் காலம். முழுப் பழமாக லாரி ஏறுவதால் தோலும் சடையும் பெரும்பாலும் ஊரை விட்டுப் போய்விடுகின்றன என்பது சரியான ஆட்சேபம். மிஞ்சும் தோலுக்கும் ஆட்டோடு போட்டி. இருந்தாலும் வெடித்ததும் அழுகியதும் லாரி ஏறுவதில்லை. அழுகலை ஆடும் சீண்டாது. அந்தப் பழத்தில் வளர்ந்த புழுவைக் கோழித் தீவனத்துக்கு விற்றுவிடாமல் கூட்டுப்புழுவாக விட்டுவைத்தால், ஆடியில் முட்டையிட ஈக்கள் தயாராக இருக்கும்.