புகைக்குழாய்க்கு மரண தண்டனை: இஸ்தான்புல்லில் நடந்த கதை

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் பேரன் வந்திருந்தான். "தாத்தா, பீடி சிகரெட்டை எல்லாம் ஒரே சட்டம் போட்டு நிறுத்திட்டா என்ன? விக்கிறவன், குடிக்கிறவன் ரெண்டு பேரையும் உள்ள தூக்கிப் போட்டா முடிஞ்சுது" என்றான். ஒரு காலத்தில் நானும் அப்படி நினைத்தவன்தான். அப்படிச் சட்டம் போட்ட ஒரு சுல்தானின் கதையை அவனுக்குச் சொன்னேன். உங்களுக்கு வகுப்பில் சொல்லாமல் விட்ட கதை இது.

1600ஆம் ஆண்டுவாக்கில் ஆங்கிலேய வணிகர்கள் இஸ்தான்புல்லுக்குப் புகையிலையைக் கொண்டுவந்தார்கள். முதலில் மருந்து என்று சொல்லித்தான் விற்றார்கள். சில ஆண்டுகளிலேயே காபிக்கடை தோறும் நீளக் குழாயும் புகையுமாக ஆகிவிட்டது. காபிக்கடை என்றால் வெறும் காபி மட்டுமா? நம்மூர் டீக்கடை மாதிரி அங்கேயும் அரசியல் பேச்சுதான். யார் மந்திரி, யாருக்குச் சம்பளம் வரவில்லை, சுல்தான் சரியில்லை என்று எல்லாம் அங்கேதான் பேசுவார்கள்.

நான்காம் முராத் 1623இல் 11 வயதில் அரியணை ஏறினார். அதற்கு முந்தைய ஆண்டுதான் அவருடைய அண்ணன், சுல்தான் இரண்டாம் உஸ்மானைக் கலகம் செய்த படைவீரர்கள் கொன்றிருந்தார்கள். அந்தப் பயத்திலேயே வளர்ந்த பையன் அவர். 1633இல் இஸ்தான்புல்லில் பெருந்தீ பிடித்து ஆயிரக்கணக்கான வீடுகள் எரிந்தன. அதையொட்டிக் காபிக்கடைகளை மூடச் சொன்னார், புகையிலையைத் தடை செய்தார். தீ ஒரு காரணம். நாலு பேர் கூடிப் பேசும் இடம் இருக்கக் கூடாது என்பது இன்னொரு காரணம். காதிசாதே மெஹ்மத் என்ற புகழ்பெற்ற மதப் பிரசங்கியாரும் புகையிலையைக் கண்டித்துப் பேசி இந்தத் தடைக்குத் துணை நின்றார்.

மீறினால் தண்டனை அபராதம் அல்ல, மரணம். சுல்தானே மாறுவேடத்தில் தெருத் தெருவாக அலைந்து ஆட்களைப் பிடித்ததாகச் சொல்வார்கள். பாக்தாத் படையெடுப்பின்போது புகைத்த வீரர்களை முகாமிலேயே கொன்றார்கள்.

இதையெல்லாம் எழுதி வைத்தவர் காதிப் செலெபி. படைக் கணக்கு எழுதும் குமாஸ்தா, பெரிய படிப்பாளி. அவர் சொல்வதைக் கேளுங்கள்: வீரர்கள் குட்டைக் குழாய்களைச் சட்டைக் கைக்குள்ளும் பைக்குள்ளும் ஒளித்து வைத்திருந்தார்களாம். ஒருபக்கம் தண்டனை நிறைவேறிக்கொண்டிருக்கும்போதே சமயம் பார்த்துப் புகைத்தார்களாம். தலைநகரிலோ, வீரர்கள் கக்கூசுக்குள் போய்ப் புகைத்தார்களாம்.

முராத் 1640இல், 27 வயதில் இறந்துபோனார். மதுவையும் தடை செய்தவர். குடித்துக் குடித்தே உடல் கெட்டுப்போனது என்கிறார்கள் வரலாற்றாசிரியர்கள். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில், பஹாயி எஃபெந்தி என்ற தலைமை மார்க்க அறிஞர் புகையிலை கூடும் என்று தீர்ப்புக் கொடுத்துவிட்டார். அவரே பெரிய புகைப் பிரியர்!

1656இல் காதிப் செலெபி எழுதிய கடைசி நூலில் புகையிலைக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. இத்தனைக்கும் அவர் புகையிலைக்கு வக்கீல் அல்ல. நாற்றம், உடலுக்குக் கேடு என்று ஒத்துக்கொள்கிறார். ஆனால் ஊரே பழகிவிட்ட ஒன்றை மிரட்டி நிறுத்த முடியாது என்கிறார். பாவம் என்று அறிவித்தால் எல்லாரும் தெரிந்தே பாவம் செய்கிறவர்களாகிவிடுவார்கள். அதைவிட விற்பனைக்குக் குறிப்பிட்ட இடம் வைத்து, வரி போட்டுக் கட்டுக்குள் வையுங்கள் என்கிறார். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் ஒட்டோமான் அரசு புகையிலைக்கு வரி போட்டுவிட்டது.

இதில் ஒன்று கவனியுங்கள். காதிப் செலெபி இளவயதில் அந்தக் காதிசாதேயிடமே பாடம் கேட்டவர். மாணவன் ஆசிரியரை மறுத்து எழுதியிருக்கிறான்.

இதைப் பேரனுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போது கக்கூஸ் என்ற இடத்தில் என் வாய் நின்றுவிட்டது. 1987 பேட்ச் மாணவர்களுக்கு ஏன் என்று தெரியும்.

பள்ளிக் கழிப்பறைக்குப் பின்னால் ஒரு பத்தாம் வகுப்புப் பையனைப் பீடியோடு பிடித்தேன். மறுநாள் பிரேயரில் எல்லார் முன்னாலும் நிறுத்திப் பிரம்பால் அடித்தேன். அந்தப் பீடி கடையில் வாங்கியதல்ல. அவன் அம்மா சுளகை மடியில் வைத்து, ராத்திரி பகலாகப் பீடி சுற்றித்தான் அவனைப் படிக்க வைத்தார். அதிலிருந்து எடுத்தது. அந்த அம்மா இரண்டு முறை பள்ளிக்கு வந்து, "தெரியாம செஞ்சுட்டான் சார், மன்னிச்சிருங்க" என்றார். பையன் திரும்பி வரவேயில்லை. பரீட்சைக்கு நாலு மாதம் இருந்தது. நான் அவன் வீட்டுக்குப் போய்க் கூப்பிடவும் இல்லை.

தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். புகையிலை உலகில் ஆண்டுக்கு 70 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொல்கிறது. பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் விற்கக் கூடாது என்ற 2003ஆம் ஆண்டுச் சட்டத்தை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். அது கடைக்காரருக்குப் போட்ட கட்டுப்பாடு. நான் பிரம்பால் போட்டது முராத் சட்டம். அதற்குப் பிறகும் கழிப்பறைக்குப் பின்னால் பீடித் துண்டுகள் கிடந்தன.

அவன் பெயரை இங்கே எழுதவில்லை. அவன் எங்கே இருக்கிறான் என்று தெரிந்தவர்கள் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். நான் போய்ப் பார்க்க வேண்டும். வயது 74 ஆகிறது. இன்னும் தள்ளிப்போடக் கூடாது.

எல்லாரும் நலமாக இருங்கள்.